கதவைத் தூக்குவது யார்?

காலையில் பள்ளிக்குச் செல்லும் வழியில் கடைகள் திறக்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் குனிந்து பூட்டைக் கழற்றுகிறார். இரும்பு ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுக்கிறார். கடகடவென்ற ஓசையுடன் ஷட்டர் மேலே சென்று சுருண்டுகொள்கிறது. அதே ஷட்டரைக் கழற்றித் தரையில் போட்டால் தூக்குவதற்கு நான்கு பேர் வேண்டும். ஆனால் வயதான கடைக்காரர்கூட நாள்தோறும் அதைத் தனியாகவே ஏற்றி இறக்குகிறார். இது எப்படி?

கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் நான். ஆயினும் இந்தக் கேள்வியை என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை. கடல் கடந்து சென்று, ஒரு தவறு செய்யப் புகுந்த பிறகுதான் கேட்டேன். அந்தத் தவற்றையும் அது கற்பித்த பாடத்தையும் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

காருக்கு ஒரு வீடு

2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் வாழும் என் அக்காள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள வீடுகள் பலவற்றில் வீட்டோடு ஒட்டியே கார் நிறுத்தும் அறை ஒன்று உண்டு. இதனைக் 'கராஜ்' என்கின்றனர். இரண்டு கார்கள் நுழையக்கூடிய கராஜின் கதவு பொதுவாக 16 அடி அகலமும் 7 அடி உயரமும் இருக்கும்.

இவ்வளவு பெரிய கதவு நம் வீட்டு வாசற்கதவைப் போலக் கீலில் திரும்பினால் என்ன ஆகும்? கார் நிற்கும் இடத்தை அது அடைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் வாசலில் குவியும் பனி அதைத் திறக்கவே விடாது. எனவே கதவைக் குறுக்காக நான்கைந்து பலகைகளாகப் பிரித்து, ஒன்றோடொன்று கீல் போட்டு இணைத்துவிடுகிறார்கள். பலகைகளின் ஓரங்களில் சிறு உருளைகள் உண்டு. அவை இருபுறமும் உள்ள தண்டவாளம் போன்ற பாதைகளில் ஓடுகின்றன. பாதை மேலே சென்று வளைந்து கூரைக்கு இணையாகப் போகிறது. ஆகவே கதவைத் தூக்கினால், பலகைகள் ஒவ்வொன்றாக வளைவில் திரும்பிக் கூரைக்கு அடியில் படுத்துக்கொள்கின்றன.

மேல்நோக்கித் திறக்கும் இவ்வகைக் கதவை சி. ஜி. ஜான்சன் என்பவர் 1921ஆம் ஆண்டில் அமைத்தார். 1926ஆம் ஆண்டில் அதை மின்சாரத்தால் திறக்கும் கருவியையும் அவரே செய்தார். இன்று காரில் அமர்ந்தபடியே ஒரு பொத்தானை அழுத்தினால் கதவு திறந்துகொள்கிறது.

அக்காள் வீட்டுக் கதவுக்கு அந்தக் கருவி இல்லை. அங்கே கூலி மிகுதி. ஆகையால் இத்தகைய வேலைகளைப் பலரும் தாமே செய்துகொள்கிறார்கள். கருவி, திருகுகள், கம்பிகள், விளக்கப் புத்தகம் எல்லாம் ஒரே பெட்டியில் கடையில் கிடைக்கும். அத்தான் அப்படி ஒரு பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"மாப்பிள்ளை, சில மாதங்களாகக் கதவு ரொம்பக் கனக்கிறது. உங்கள் அக்காளால் தூக்கவே முடிவதில்லை. அதனால்தான் மோட்டார் வாங்கினேன். இது அரைக் குதிரைத்திறன். போதுமா, சொல்லுங்கள்" என்றார்.

அட்டைப்பெட்டியில் ஒரு கணக்கு

கேட்டது இயற்பியல் ஆசிரியரிடம் அல்லவா? உடனே பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன் பின்புறம் கணக்குப் போட்டேன். நீங்களும் என்னுடன் வாருங்கள்.

கதவின் பின்புறம் ஒட்டியிருந்த சீட்டில் அதன் எடை 176 பவுண்டு என்றிருந்தது. அதாவது 80 கிலோகிராம். உயரம் 2.13 மீட்டர். கதவு திறக்கும்போது அடிப்பலகை ஏறத்தாழ முழு உயரமும் ஏறுகிறது. உச்சிப்பலகை சிறிதளவே ஏறுகிறது. ஆகவே கதவின் ஈர்ப்பு மையம் ஏறும் உயரம் மொத்த உயரத்தில் பாதி, சுமார் 1.07 மீட்டர். செய்ய வேண்டிய வேலை 80 × 9.8 × 1.07, ஏறத்தாழ 840 ஜூல்.

மோட்டார் கதவை நொடிக்கு 18 செ.மீ. வேகத்தில் இழுக்கிறது, முழுவதும் திறக்க 12 நொடிகள் ஆகும். ஆகவே சராசரித் திறன் 840 ÷ 12 = 70 வாட். தொடக்கத்தில் முழு எடையும் தொங்குவதால் 784 நியூட்டன் விசை வேண்டும். அப்போதும் 784 × 0.18 = 141 வாட் போதும். அரைக் குதிரைத்திறன் என்பதோ 373 வாட்.

"தாராளமாகப் போதும், அத்தான்" என்று தீர்ப்புச் சொன்னேன். இருவரும் ஏணியையும் துளைக்கருவியையும் எடுத்து வைத்தோம்.

அப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகள் விளக்கப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். "மாமா, மோட்டாரை மாட்டுவதற்கு முன்னால் கதவைச் சோதிக்க வேண்டுமாம். பாதி உயரத்துக்குத் தூக்கிவிட்டுக் கையை எடுத்தால் அது அங்கேயே நிற்க வேண்டுமாம். நிற்காவிட்டால் மோட்டாரை மாட்டவே கூடாதாம்" என்றாள்.

எனக்குச் சற்றே சிரிப்பு வந்தது. 80 கிலோ கதவு அந்தரத்தில் நிற்குமா? இருந்தாலும் செய்து பார்த்தோம். அடியில் யாருடைய காலும் இல்லாதவாறு பார்த்துக்கொண்டு, நானும் அத்தானும் கதவை இடுப்பளவு தூக்கிப் பிடியைச் சற்றே தளர்த்தினோம். கதவு எங்கள் கைகளைக் கீழே இழுத்துக்கொண்டு இறங்கியது. மெல்லத் தரையில் இறக்கி வைத்தோம்.

கதவு நிற்கவில்லை. ஏன் நிற்க வேண்டும் என்பதும் எனக்கு விளங்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன். கதவுக்கு மேலே சுவரோரமாக ஓர் இரும்புத் தண்டு. அதைச் சுற்றி, கை மொத்தத்தில் இரண்டு எஃகுச் சுருள்வில்கள். இடப்பக்கத்து வில்லின் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி தெரிந்தது. வில் முறிந்திருந்தது!

வில்லின் கணக்கு

இப்போது அந்தச் சுருள்வில்கள் அங்கே என்ன செய்கின்றன என்று பார்ப்போம்.

தண்டின் இரு முனைகளிலும் டிரம் எனப்படும் சிறு உருளைகள் உள்ளன. அவற்றின் ஆரம் 5.1 செ.மீ. ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் ஓர் எஃகு வடம் கீழே சென்று கதவின் அடி மூலையில் பூட்டப்பட்டிருக்கிறது. கதவு மூடியிருக்கும்போது வில்கள் ஏழரைச் சுற்று முறுக்கப்பட்ட நிலையில் இருக்கின்றன. முறுக்கிய வில் பிரியத் துடிக்கிறது. தண்டைத் திருப்பி வடத்தைச் சுருட்டப் பார்க்கிறது. கதவின் எடையோ வடத்தைக் கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் கதவுக்கு எடையே இல்லாதது போலாகிவிடும்.

"ஏற்றம் இறைப்பதைப் போல" என்று சிலர் சொல்லக்கூடும். ஆம், ஏற்றத்தில் சால் தொங்கும் முனைக்கு எதிர்முனையில் பாரம் வைத்துச் சமன் செய்வார்கள். மின்தூக்கியிலும் எதிர் எடை உண்டு. ஆனால் நம் கதவில் ஒரு வேறுபாடு இருக்கிறது. கதவு மேலே செல்லச் செல்ல, பலகைகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொள்கின்றன. படுத்த பலகையைப் பாதையே தாங்குகிறது. ஆகவே வடத்தில் தொங்கும் எடை வரவரக் குறைகிறது. பாதி திறந்த கதவில் தொங்குவது சுமார் 40 கிலோ மட்டுமே. மாறாத ஓர் எதிர் எடையால் மாறிவரும் இந்தச் சுமையைச் சமன் செய்ய முடியாது.

இங்கேதான் ஹூக் விதி கைகொடுக்கிறது. வில்லின் திருப்புவிசை அதை முறுக்கிய அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். டிரம்மின் சுற்றளவு 32 செ.மீ.; கதவு முழுவதும் திறக்க அது ஆறு சுற்றுக்குச் சற்று மேலாக, சுமார் 6.7 சுற்று சுற்ற வேண்டும். அத்தனை சுற்றும் வில் பிரிகிறது. அதன் விசை சீராகக் குறைந்துகொண்டே வருகிறது. அதே சீரில் கதவின் தொங்கும் எடையும் குறைகிறது! இரண்டும் கைகோத்துக் குறைவதால்தான் நல்ல கதவு எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கிறது. கதவு உச்சிக்குச் சென்ற பின்னும் வில்லில் முக்கால் சுற்றுக்கு மேல் முறுக்கு மிச்சமிருக்கும். வடம் தொய்ந்துவிடாமல் அது காக்கிறது.

வில்களில் எவ்வளவு ஆற்றல் அடைபட்டிருக்கிறது? முழு எடையையும் தாங்கத் தேவையான திருப்புவிசை 784 × 0.051 = 40 நியூட்டன் மீட்டர். ஏழரைச் சுற்று என்பது 47.1 ரேடியன். வில்லின் ஆற்றல் இவற்றின் பெருக்கலில் பாதி: ½ × 40 × 47.1 = 942 ஜூல். நான் அட்டையில் கண்ட 840 ஜூலுக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது, பாருங்கள். கதவைத் தூக்கத் தேவையான ஆற்றல் முழுவதும் வில்லிலேயே இருக்கிறது. கதவைத் தூக்குவது வில்தான்; மோட்டார் அதற்கு வழிகாட்டும் கை மட்டுமே.

ஆனால் இதே எண் ஓர் எச்சரிக்கையும் ஆகும். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவன் 1.9 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படும் ஆற்றல் அது. முறுக்கிய வில்லின் திருகைத் தெரியாமல் தளர்த்தினால் அவ்வளவும் ஒரு நொடியில் கையின் மேல் பாயும். கராஜ் வேலைகளில் வீட்டுக்காரர் தாமே செய்யக்கூடாத ஒரே வேலை இது என்று புத்தகம் தடித்த எழுத்தில் சொல்கிறது.

கணக்கு சரி, கேள்வி தவறு

"ஆனால் மாமா, உங்கள் கணக்குப்படி வில்லே இல்லாவிட்டாலும் மோட்டார் தூக்கிவிடுமே?" என்று கேட்டாள் மருமகள்.

நல்ல கேள்வி. ஆம், தூக்கிவிடும். ஒரு வில் முறிந்திருந்த அந்தக் கதவை அந்த மோட்டார் சில காலமாவது ஏற்றி இறக்கியிருக்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

இக்கருவிகளில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. கதவு இறங்கும்போது ஏதேனும் தடுத்தால், மோட்டார் வழக்கத்தைவிட மிகுந்த விசையுடன் தள்ள வேண்டியிருக்கும். அதை உணர்ந்தவுடன் அது நின்று, கதவைத் திரும்ப மேலே கொண்டு போகும். சமநிலையில் உள்ள கதவை அசைக்க மிகச் சிறு விசையே போதுமாகையால், அதற்கு மேல் சிறிது கூடினாலும் மோட்டாருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு வில் முறிந்த கதவிலோ, தரையை நெருங்கும்போது 40 கிலோ எடை சமன் செய்யப்படாமல் மிஞ்சுகிறது. அப்போது மோட்டார் கதவைத் தள்ளுவதில்லை. மூட்டையை இறக்குபவரைப் போலப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழே ஒரு குழந்தை அகப்பட்டால் கதவின் எடை மோட்டாரிடமிருந்து குழந்தையின் மேல் மாறுகிறது. மோட்டாருக்குத் தடை தெரியாது. மாறாக, அதன் சுமை குறைகிறது! சுமார் 390 நியூட்டன் முழுவதும் குழந்தையின் மேல் இறங்கிய பிறகே மோட்டார் தள்ளத் தொடங்கும். தடையை உணர வேண்டிய கருவி அதுவரை வாளாவிருக்கும்.

அக்காளுக்கு நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறான். மூடும் கதவுக்கு அடியில் குனிந்து ஓடுவது அவனுக்கு அந்நாளில் பிடித்தமான விளையாட்டு. அட்டையில் நான் போட்ட கணக்கில் பிழை எதுவும் இல்லை. 'மோட்டாரால் தூக்க முடியுமா?' என்று கேட்டேன். 'கதவு சமநிலையில் இருக்கிறதா?' என்று கேட்கவில்லை. அன்று மாலை முழுவதும் அந்த நினைவு என்னை விட்டு அகலவில்லை.

மறுநாள் அத்தொழிலில் தேர்ந்த ஒருவர் வந்தார். முறிந்ததை மட்டுமன்றி இரண்டு வில்களையுமே மாற்றினார். ஒரே நாளில் மாட்டப்பட்ட வில்களில் ஒன்று முறிந்தால் மற்றதும் முறியும் நாள் தொலைவில் இல்லை. இவ்வில்கள் பொதுவாக 10,000 முறை திறந்து மூடுவதற்கென்று செய்யப்படுகின்றன. நாளுக்கு நான்கு முறை என்றால் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் முறிவது போன்ற உலோகச் சோர்வுதான் காரணம். அவர் இரண்டு எஃகுக் கோல்களை மாற்றி மாற்றிச் செருகி, வில்லுக்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று, காற்சுற்று காற்சுற்றாக முறுக்கினார். மருமகள் எண்ணிக்கொண்டே வந்தாள்: முப்பது. ஏழரைச் சுற்று!

விமானத்துக்குப் பெட்டி எடை பார்க்க நான் கொண்டுபோயிருந்த கைத்தராசைக் கதவின் கைப்பிடியில் மாட்டி இழுத்தேன். கதவு எழுந்தது, தராசு காட்டியது 3 கிலோ.

வேலை தொடங்குகிறது

இதற்குப் பின் செய்தது அரைநாள் வேலை. பழைய இழுகயிற்றை முதலில் அவிழ்த்துவிட்டோம். ஓடும் கதவில் தொங்கும் கயிறு குழந்தையின் கழுத்திலோ கையிலோ சிக்கலாம். கதவின் தாழ்ப்பாளையும் செயலிழக்கச் செய்தோம். பூட்டிய கதவை மோட்டார் இழுத்தால் கதவு வளையும்.

பிறகு கதவின் நடுக்கோட்டுக்கு நேராக, மேலே உள்ள உறுதியான மரச்சட்டத்தில் ஒரு தாங்கியைத் திருகினோம். அதிலிருந்து நீண்ட தண்டு ஒன்று அறையின் உட்புறமாகச் செல்கிறது. அதன் மறுமுனையில் மோட்டார். மோட்டாரைக் கூரையின் ஜிப்சப் பலகையில் மாட்டிவிட முடியாது. பலகைக்கு மேலே மறைந்திருக்கும் மரச்சட்டங்களைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, இரும்புக் கோணங்களால் அவற்றில் தொங்கவிட்டோம். தண்டின் மேல் சங்கிலியால் இழுக்கப்படும் ஒரு சிறு வண்டி ஓடுகிறது. அதையும் கதவையும் ஒரு வளைந்த கரம் இணைக்கிறது.

வண்டியிலிருந்து சிவப்புக் கைப்பிடியுள்ள ஒரு கயிறு தொங்கும். மின்சாரம் நின்றுவிட்டால் அதை இழுத்து, மோட்டாரைப் பிரித்துவிட்டுக் கையால் திறக்கலாம். இங்கும் சமநிலையின் அருமையைக் கவனியுங்கள். வில் முறிந்த கதவு திறந்திருக்கையில் இக்கயிற்றை இழுத்தால், பிடிப்பற்ற கதவு பொத்தென்று விழும்.

சுவர்ப் பொத்தானைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாதபடி தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேலும், கதவு கண்ணுக்குத் தெரியும் இடத்திலும் பொருத்தினோம். காரில் வைத்துக்கொள்ளும் சிறு ரேடியோ அனுப்பியைப் பற்றி ஒரு சொல். பழைய அனுப்பிகளில் எட்டு ஸ்விட்சுகளை மேலும் கீழும் தள்ளி ஒரு குறியீட்டை அமைப்பார்கள். அதில் 256 குறியீடுகளே உண்டு. ஒரு திருடன் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடலாம். 1990களில் வந்த முறையில் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறியீடு மாறிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத கயிறு

கடைசி வேலை மிக எளியது. ஆனால் மிக முக்கியமானது. கதவின் இருபுறமும் தரையிலிருந்து 15 செ.மீ.க்கு மேற்படாத உயரத்தில் இரண்டு சிறு பெட்டிகளை எதிரெதிராகப் பொருத்தினோம். ஒன்று அகச்சிவப்புக் கதிரை அனுப்புகிறது, மற்றது பெறுகிறது. கதவு இறங்கும்போது கதிரை எது குறுக்கிட்டாலும், தொடுவதற்கு முன்பே கதவு திரும்பிவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 'தடை வந்தது' என்று சைகை அனுப்புமாறு இதை அமைக்கவில்லை. 'தடை இல்லை, தடை இல்லை' என்று இடைவிடாமல் சைகை அனுப்புமாறு அமைத்திருக்கிறார்கள். ஆகவே கம்பி அறுந்தாலும், கண்ணாடியில் தூசு படிந்தாலும், பெட்டி கோணிப்போனாலும் சைகை நின்றுவிடும். கதவு தானாக மூட மறுத்துவிடும். பழுதானாலும் பாதுகாப்பின் பக்கமே சாயும் அமைப்பு இது.

இந்த ஏற்பாடு பெரும் விலை கொடுத்து வந்தது. 1982ஆம் ஆண்டு முதல் தானியங்கிக் கதவுகளின் அடியில் அகப்பட்டுப் பல பத்துக் குழந்தைகள் அமெரிக்காவில் உயிரிழந்தனர். 1990ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இதற்கென விதி செய்தது. 1993 ஜனவரி முதல் தேதிக்குப் பின் செய்யப்படும் வீட்டுக் கருவிகள் அனைத்திலும், மோட்டாரின் உணர்வை மட்டும் நம்பாமல், இத்தகைய ஓர் இரண்டாம் காவலும் கட்டாயமாயிற்று.

எல்லாம் முடிந்ததும் இறுதிச் சோதனை. 38 மி.மீ. தடிப்புள்ள ஒரு மரக்கட்டையைக் கதவுக்கு அடியில் தரையில் கிடத்தினோம். அது கதிருக்குக் கீழே கிடப்பதால் கதிர் அதைக் காணாது. மோட்டாரின் உணர்வுதான் காண வேண்டும். மருமகள் பொத்தானை அழுத்தினாள். கதவு இறங்கியது, கட்டையைத் தொட்டது, மறுகணமே மேலே திரும்பியது. இச்சோதனையை மாதம் ஒருமுறை செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பை அவளே ஏற்றுக்கொண்டாள். தம்பிக்கு அக்காள் ஒரு கட்டளையும் போட்டாள்: எத்தனை காவல் இருந்தாலும், ஓடும் கதவுக்கு அடியில் ஓடக் கூடாது.

நீங்களும் பாருங்கள்

நம் கடைத்தெரு ஷட்டரின் உச்சியில் உள்ள நீண்ட உருளைக்குள்ளும் இதே சுருள்வில்தான் இருக்கிறது. "ஸ்பிரிங் போய்விட்டது, தூக்க முடியவில்லை" என்று கடைக்காரர் சொல்லக் கேட்டால், இனி உங்களுக்குக் காரணம் விளங்கும். பழக்கமான கடைக்காரர் ஷட்டரை ஏற்றும்போது, அது பாதியில் நிற்கிறதா, தானே இறங்குகிறதா என்று தள்ளி நின்று கவனியுங்கள். உருளையையோ வில்லையோ தொடாதீர்கள்.

ஒரு கணக்கும் தருகிறேன். ஒரு கார் மட்டும் நுழையும் கராஜின் கதவு 60 கிலோ. டிரம்மின் ஆரம் 5 செ.மீ.; வில்லை ஏழரைச் சுற்று முறுக்க வேண்டும். வில்லில் அடைபடும் ஆற்றல் எவ்வளவு?

(விடை: ஏறத்தாழ 690 ஜூல்.)